வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் உங்களுக்கு

எங்க கடைக்கு வந்து பஸ் டிக்கெட்ட லேமினேஷன் பண்ணிக் குடுங்கன்னு யார் கேட்டாலும் நான் பண்ணமாட்டேன். மிஷின்ல அடிச்சுக் குடுக்கற டிக்கெட் எல்லாம் தெர்மல் பேப்பர், அதுல மையே கிடையாது, பேப்பர் மேல பூசியிருக்கற மருந்து சூடு பட்டா கருப்பாகும், அவ்ளோதான் விஷயம். லேமினேஷன் மிஷின்ல விட்டா முழுசும் சூடாகி அந்தப் பக்கம் வரும்போது மொத்தமும் கருப்பாத்தான் வரும், ஒரு எழுத்து தெரியாது. சும்மா வெச்சாலும் ரொம்ப நாள் தாங்காது, நம்ம வேலூர் வெயிலுக்கு வண்டி மேல விட்ட பில்லு ஒரு மத்தியானத்துல கருத்துப்போவும், பீரோல பத்திரமா வெச்சது கொஞ்ச கொஞ்சமா வெளுத்துப்போவும். அதனால டிக்கெட்ட ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸத்தான் ஒட்டணும்னு சொல்லுவேன். உடனே "எதுலக்கா ஒட்டறது?"ன்னு கேப்பாங்க. அப்படித்தான் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும், நான் கவுன்டருக்கு அடில இருந்து என் ஸ்க்ராப் புக்க எடுத்து வெப்பேன், பின்னாடி ஆதார் காப்பிக்கு நிக்கறவங்க முறைப்பாங்க.

வேலூர் சாத்துவாச்சாரில எங்களுக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை, டிடிபி, ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன் எல்லாம் பண்றோம். பேப்பரோட பேப்பரா வாழ்றதாலயோ என்னமோ இந்தப் பைத்தியம் புடிச்சிடுச்சு.

ஸ்க்ராப் புக்னா நம்ம ஊர்ல ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு ஸ்கூல்ல குடுக்கற ப்ராஜெக்ட், தேசத் தலைவர்கள் படம், விலங்குகள் படம்னு ஸ்டேஷனரில ஷீட்டா விப்பாங்களே, அத வாங்கி ராத்திரி பத்து மணிக்கு அம்மா வெட்டி ஒட்டிக் குடுப்பாங்க, புள்ள தூங்கிக்கினு இருக்கும். இன்னொண்ணு இப்ப ரீல்ஸ்ல வர்றது, லேஸ் வெச்சு முத்து வெச்சு பிரிச்சா பாப்-அப் ஆகி பர்த்டேக்கு குடுக்கறது. ரெண்டும் தப்புன்னு சொல்லல. ஆனா ரெண்டுத்துலயும் ஒரு தடவ பாத்தா முடிஞ்சுபோச்சு, மார்க் வாங்கிட்டா எடைக்குப் போயிடும், பர்த்டே முடிஞ்சா பீரோ மேல போயிடும்.

எனக்கு இதுல ருசி புடிச்சது எங்கம்மாவோட கோல நோட்டுல இருந்து. நாப்பது பக்க நோட்டு, மார்கழி மாசம் பத்திரிகைல வர்ற கோலத்தையெல்லாம் வெட்டி சோத்துப்பருக்கை வெச்சு ஒட்டியிருப்பாங்க, நடுநடுல கையால போட்டது. ஒவ்வொரு கோலத்துக்கு கீழயும் "15 புள்ளி, 8ல் நிறுத்தவும், ஊடுபுள்ளி"ன்னு இருக்கும், அதுக்கும் கீழ சின்னதா "கிணத்து வீட்டு அக்கா குடுத்தது", "ஆற்காடு சின்னம்மா", "பஸ்ஸில் பார்த்தது" இப்படி. பஸ்ஸுல என்ன கோலத்த பாத்தாங்கன்னு கேட்டா, பக்கத்து சீட்டு அம்மா அவங்க உள்ளங்கைல பேனாவால போட்டுக் காட்டுனாங்களாம். கோலம் இப்ப யூடியூப்ல ஆயிரம் கெடைக்கும். அந்த "குடுத்தது" வரி தான் கெடைக்காது, எனக்கு நோட்டுல புடிச்சதே அந்த வரி தான்.

அதனால என் புக்குல ஒரே ஒரு ரூல். வலது பக்கம் நான் ஒட்டுவேன். இடது பக்கம் காலியா விடுவேன், பாக்கறவங்க எழுதணும். என்ன வேணா எழுதலாம், எந்த பாஷைலயும் எழுதலாம், திட்டியும் எழுதலாம். திட்டியும் எழுதியிருக்காங்க, சொந்தக்கார அத்தை ஒருத்தங்க "இதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்க வேலை"ன்னு அழகா கையெழுத்து போட்டு தேதி போட்டு எழுதிட்டுப் போனாங்க, அடுத்து வந்த யாரோ அதுக்குக் கீழயே "ஆமாம், ஆனா நல்லா இருக்கு"ன்னு எழுதிட்டாங்க. நான் ஒண்ணையும் அழிக்கறதில்ல.

இப்ப இந்த பக்கத்த சொல்றேன், இதத்தான் எல்லாருக்கும் மொதல்ல காட்டுவேன். கல்யாணப் பத்திரிகைங்க. முழுசா ஒட்டினா இடம் பத்தாது, அதனால எங்க சொந்தத்துல ஆற்காட்டுல இருக்கற ஒரே வீட்டுல நடந்த கல்யாணங்களோட பத்திரிகைல இருந்து அட்ரஸ் வரிய மட்டும் வெட்டி வரிசையா ஒட்டியிருக்கேன். மேல இருக்கறது அச்சு கோத்து அடிச்சது, பின்பக்கம் தடவினா எழுத்து மேடு கைக்குத் தெரியும், மூலைல பூசுன மஞ்சள் இப்ப காவி நெறமா ஆயிடுச்சு, அதுல "வ.ஆ. மாவட்டம்"னு இருக்கும். வடாற்காடு. அடுத்தது 1989ல மாவட்டத்த ரெண்டா பிரிச்சு திருவண்ணாமலை பக்கம் சம்புவராயர் பேருல தனியா போயிட்ட அப்புறம் அடிச்சது, "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்"னு நீளமா இருக்கும், வரி பத்தாம எழுத்த நெருக்கிப் போட்டிருப்பாங்க. அடுத்தது ஆஃப்செட் பிரின்ட், தங்கக் கலரு, "வேலூர் மாவட்டம்". கடைசி 2019க்கு அப்புறம் வந்தது, மூணா பிரிச்சாங்க இல்ல, அதுல "இராணிப்பேட்டை மாவட்டம்". வீடு நகரவே இல்ல, அதே வாசப்படி, அதே திண்ணை, மாவட்டத்து பேரு மட்டும் மாறிக்கினே வந்திருக்கு. நாலு துண்டு பேப்பர், எல்லாம் சேத்தா உள்ளங்கை அளவு தான்.

இந்தப் பக்கத்துக்கு எதிர்ல இடது பக்கத்துல இப்ப இடமே இல்ல. ஒருத்தர் "எங்க தாத்தா சர்வீஸ் புக்குல இன்னும் பழைய பேரு தான்"னு எழுதினாரு. சித்தூர்காரர் ஒருத்தர் தெலுங்குல எழுதிட்டு எனக்கு அர்த்தம் சொன்னாரு, 1911 வரைக்கும் நாங்களும் வடாற்காடு தான், எங்கள மறந்துட்டீங்கன்னு. கரெக்ட் தானே. சித்தூர் தனி ஜில்லா ஆனது அப்பத்தான், அதுக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணு தான், அதனாலயோ என்னமோ எங்க பக்கம் பாதி வீட்ல இன்னிக்கும் அப்பாவ தெலுங்கு மாதிரி நைனான்னு கூப்பிடறாங்க. ஒரு தெலுங்கு பத்திரிகையோட அட்ரஸ் வரிய அவரே அடுத்த தடவ வரும்போது கொண்டாந்து குடுத்தாரு. அது இப்ப நாலுக்கும் பக்கத்துல உக்காந்திருக்கு.

அப்புறம் தந்தி. எங்க மாமனார் டிரங்கு பெட்டில கெடைச்சது, "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி". இந்த மூணு நாலு வார்த்தைய பாத்தாலே பெரியவங்களுக்கு இப்பவும் மொகம் மாறும். இத ஒட்டலாமா வேணாமான்னு வீட்ல பெரிய பேச்சு, துக்க சமாச்சாரத்த எதுக்கு படம் காட்டறன்னு அத்தை சொன்னாங்க, மாமனார் தான் ஒட்டும்மான்னாரு. ஒரு நாள் பென்ஷன் பேப்பர் காப்பி எடுக்க வந்த பெரியவர் ஒருத்தர், அந்தப் பக்கத்தயே பாத்துக்கினு இருந்தாரு. "இது இன்னா தெரிதாமா உனக்கு, உத்து பாரு, எழுத்து ஃபாரத்துல அடிச்சது இல்ல"ன்னாரு. அவரு தந்தி ஆபீஸ்ல வேலை செஞ்சவராம். மிஷின்ல இருந்து ஒல்லியா பேப்பர் பட்டை வந்துகினே இருக்குமாம், அத கிழிச்சு ஈரம் தொட்டு ஃபாரத்து மேல வரி வரியா ஒட்டித்தான் அனுப்புவாங்களாம். நான் அத்தன நாளா அது ஒட்டுன பட்டைன்னு கவனிக்கவே இல்ல, வெரல் வெச்சு பாத்தா ஓரம் நல்லா தட்டுப்படுது. அதாவது தந்தியே ஒரு ஸ்க்ராப் புக் வேலை தான். தீபாவளி, கல்யாணம், பரீட்சைல பாஸு இதுக்கெல்லாம் வாழ்த்து வாசகம் முன்னாடியே ரெடியா இருக்குமாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், நம்பர குறிச்சா போதும். 2013 ஜூலைல தந்திய மூடினப்ப டிவில பாத்துட்டு அன்னிக்கு சரியா சாப்பிடலன்னு சொன்னாரு. அத்தனையும் இடது பக்கத்துல எழுதுங்கன்னா, கை நடுங்குதுன்னு என்னைய எழுதச் சொல்லிட்டு கீழ கையெழுத்து மட்டும் போட்டாரு.

இப்படி ஒருத்தர் வந்து சொல்லலன்னா அது ஒரு பழைய பேப்பர், அவ்ளோதான். நானா உக்காந்து எழுதியிருந்தா "மாமனார் வீட்டில் கிடைத்த தந்தி"ன்னு எழுதியிருப்பேன்.

சரி, எப்படி பண்றதுன்னு நெறைய பேர் கேக்கறாங்க. வெளிநாட்டு கிட்டு எல்லாம் 12 இன்ச்சுக்கு 12 இன்ச் சதுரம், அவங்க ஊர் அளவு அது. இங்க அந்த சைஸுல ஷீட்டு வாங்கினா வெல ஜாஸ்தி, பிரின்ட் எடுக்கவும் முடியாது. ஏ4-ஐ படுக்க வெச்சு பைண்டு பண்ணுங்க, போதும். சாதா ஜெராக்ஸ் பேப்பர் 75 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 75 கிராம் எடை, ரெண்டு போட்டோ ஒட்டினா தொங்கிடும், அதவிட கெட்டியா பாண்ட் ஷீட்டு இல்லன்னா ஐவரி போர்டு கேளுங்க. ஸ்பைரல் போட்டா பக்கம் நல்லா விரிஞ்சு படுக்கும், இடது பக்கத்துல எழுதறவங்களுக்கு சவுகரியம். ஆனா ஒட்ட ஒட்ட புக்கு முன்பக்கம் உப்பும், முதுகுப் பக்கம் ஒல்லியாவே இருக்கும், அதுக்கு பக்கத்துக்குப் பக்கம் நடுவுல ஒரு இன்ச் அகலத்துக்கு அட்டைப் பட்டைய சேத்து பைண்டு பண்ணச் சொல்லுங்க, எந்த பைண்டர்கிட்ட சொன்னாலும் புரிஞ்சுக்குவாரு.

பசை விஷயத்துல நான் கொஞ்சம் கறார். ஃபெவிகால் தண்ணிப் பசை, பேப்பர் சுருங்கும், அட்டைக்கு ஓக்கே, மெல்லிசுக்கு வேணாம். மைதா பசை காய்ச்சி ஒட்டறது நம்ம ஆளுங்க பழக்கம், நல்லாத்தான் ஒட்டும், ஆனா ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து, எங்கம்மா நோட்டுல பாதி கோலத்துல ஓட்டை விழுந்தது அந்த சோத்துப்பருக்கையாலதான். செலோ டேப்ப தயவுசெஞ்சு தொடாதீங்க, கொஞ்ச வருஷத்துல டேப்பு கழண்டு வந்துடும், மஞ்சக் கறை மட்டும் பேப்பர்ல நின்னுடும். லிப்ஸ்டிக் மாதிரி திருகற க்ளூ ஸ்டிக் போதும். ஒரிஜினல் போட்டோவுக்கு பசையே வேணாம், நாலு மூலைக்கு நாலு முக்கோணம் மடிச்சு ஒட்டி அதுல சொருகுங்க, நாளைக்கு வேணும்னா எடுத்துக்கலாம். நியூஸ் பேப்பர் கட்டிங்கா, அதுல மரக்கூழ்ல இருக்கற லிக்னின் அப்படியே இருக்கும், வெளிச்சமும் காத்தும் பட்டா பழுப்பாகி பக்கத்துல இருக்கறதையும் பழுப்பாக்கும், அதனால நல்ல பேப்பர்ல ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. ஜெராக்ஸ் மை கரியும் பிளாஸ்டிக்கும் கலந்த பொடி, உருக்கி ஒட்டறது, தண்ணி பட்டாலும் ஓடாது. என் கடைக்கு வியாபாரம் புடிக்கறேன்னு நெனச்சுக்காதீங்க, எங்க வேணா எடுங்க.

பழைய கல்யாண ஆல்பம், பக்கத்துல பிசுபிசுன்னு கோடு கோடா பசை இருந்து மேல பிளாஸ்டிக் பேப்பர் மூடியிருக்குமே, அதுல இருந்து போட்டோவ பிய்க்காதீங்க. மொதல்ல இருக்கற நெலமைலயே போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. அப்புறம் ஒரு கெட்டி நூல போட்டோவுக்கு அடில விட்டு ரெண்டு கையாலயும் மெதுவா இப்படியும் அப்படியும் இழுத்துக்கினே வாங்க, கழண்டு வரும். வரலன்னா விட்டுடுங்க, பக்கத்தோட வெட்டி ஒட்டிக்கலாம். இந்த பசை தொல்லை இன்னிக்கு நேத்து இல்ல, மார்க் ட்வைன் இருக்காரே, அமெரிக்க எழுத்தாளர், அவருக்கும் இதே பைத்தியம், ஈரம் பண்ணினா தானா ஒட்டற மாதிரி பக்கத்துல முன்னாடியே பசை தடவின ஸ்க்ராப் புக்குக்கு 1873ல பேட்டன்டே வாங்கியிருக்காரு. எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே இத படிச்ச அப்புறம் தான்.

ஒண்ணு மட்டும் முக்கியமா சொல்லணும். வேலூர்ல ஜெராக்ஸ் கடைன்னா பாதி ஆஸ்பத்திரி ஃபைல் தான். வீணா போற காப்பில பேரு, நம்பர், வியாதி எல்லாம் இருக்கும். டிசைனா இருக்குன்னு அத எடுத்து பேக்ரவுண்டுக்கு ஒட்டறது கூடவே கூடாது, எங்க கடைல கிழிச்சுத்தான் போடுவோம்.

ஆனா அந்த ஃபைல எடுத்துக்கினு வர்றவங்க கதை வேற. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பெங்கால்ல இருந்து வந்து லாட்ஜுல மாசக்கணக்கா தங்கறவங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேர்னு தெரியும்ல, அந்தப் பக்கம் தெருவுல பெங்காலி போர்டு தான் ஜாஸ்தி. அப்படி ஒரு தீதி, நம்ம அக்கா மாதிரி, அவங்க வீட்டுக்காரருக்கு வைத்தியம், சாத்துவாச்சாரில ரூம் எடுத்து தங்கியிருந்தாங்க, காப்பிக்கு வருவாங்க, பாஷை தெரியாது, எனக்கு அரைகுறை ஹிந்தி. காத்துக்கினு இருக்கும்போது போரடிக்கும்னு புக்க கைல குடுத்தேன். கோலப் பக்கம் வந்ததும் நிறுத்திட்டாங்க. அவங்க ஊர்லயும் அரிசிமாவ கரைச்சு வெரலால போடுவாங்களாம், ஆல்பனான்னு பேரு, லட்சுமி பூஜைக்கு வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் சின்ன சின்ன பாதம் போடுவாங்களாம். நம்ம கிருஷ்ண ஜெயந்திக்கு போடறோமே அதேதான்னு நான் கையக் காட்டி, அவங்க தலைய ஆட்டி, அப்படியே பேனா வாங்கி இடது பக்கத்துல ஒரு தாமரையும் ரெண்டு பாதமும் போட்டாங்க, புள்ளியே வெக்காம, ஒரே இழுப்புல. புள்ளி இல்லாம எப்படி இவ்ளோ சரியா வருதுன்னு எங்கம்மா இன்னும் கேக்கறாங்க. அப்புறம் தினம் வர ஆரம்பிச்சாங்க. காப்பி எடுக்கல, சும்மா வருவாங்க, நான் கட்டிங் மிஷின்ல வேலை பாப்பேன், அவங்க மூலை முக்கோணம் மடிச்சுத் தருவாங்க, ரொம்ப நேக்கா மடிப்பாங்க. ஊருக்குக் கெளம்பும்போது ஹவுரால இருந்து காட்பாடி வந்த டிக்கெட்ட குடுத்துட்டுப் போனாங்க, அதுல பேரு நம்பர் இருக்கற இடத்த நானே வெட்டி எடுத்துட்டு மீதிய ஒட்டினேன். வீட்டுக்காரர் நல்லா இருக்காரு, பூஜைக்கு வாசல்ல நம்ம புள்ளிக் கோலம் ஒண்ணு போட்டு போட்டோ அனுப்புனாங்க, கோணலாத்தான் இருந்துச்சு, அதையும் ஒட்டியாச்சு.

மே மாசம் லீவுல தெருப் பசங்க வந்துட்டாங்க. ஃபோன குடுக்காம இருக்க அவங்க அம்மாங்க அனுப்புனது, எனக்குத் தெரியும். பசங்களுக்கு இத செய் அத செய்னு சொன்னா ஸ்கூல் ப்ராஜெக்ட் ஆயிடும், அதனால ஒரு காலி புக்க குடுத்து உங்களுக்கு புடிச்ச குப்பைய ஒட்டுங்கன்னு விட்டுட்டேன். ஒரு பொண்ணு கோட்டைக்குப் போய் கீழ விழுந்த எலையா பொறுக்கிக்கினு வந்துச்சு, அரச எலைய தண்ணில ஊறப்போட்டு சதைய ப்ரஷ்ஷால நீக்கி வெறும் நரம்ப எடுக்கறது எப்படின்னு எங்கம்மா கத்துக் குடுத்தாங்க, வீடே ஒரு வாரம் நாறுச்சு. இன்னொரு பையன் குடியாத்தத்துல அவங்க பாட்டி வீட்ல இருந்து தீப்பெட்டிப் படமா சேத்துக்கினு வந்தான், கோழி, சாவி, தாமரைன்னு. பேரணாம்பட்டுல தோல் கம்பெனில வேலை செய்யற ஒருத்தரோட பொண்ணு ஒரு பை நெறைய வெட்டுத் தோல் கொண்டாந்துச்சு, கருப்பு, காவி, ஒரே ஒரு செவப்பு. அத வெச்சு எல்லாப் புக்குக்கும் முதுகு போட்டோம், தோல் பத்தாத எடத்துக்கு பழைய குடியாத்தம் கைலி. கடைல பெரிய வெல போட்டு விக்கற ஜர்னல் எல்லாம் இது கிட்ட நிக்க முடியாது, என் புள்ளைங்க செஞ்சதுன்னு சொல்லல, நெஜமாவே.

ஒரு சின்னவன் மட்டும் எதையும் ஒட்டல. எல்லா புக்கையும் வாங்கி இடது பக்கத்துல எழுதறதுதான் அவன் வேலை. "இது எங்கே வாங்கினாய்", "உன் ஆயா ஏன் சிரிக்கவில்லை", "இந்த கோழிக்கு கால் எங்கே". ஆயாவோட பழைய போட்டோவ ஒட்டியிருந்த பொண்ணு, ஆயா ஏன் சிரிக்கலன்னு வீட்ல போய் கேட்டிருக்கு, ஸ்டூடியோகாரர் அசையாதீங்கன்னு மெரட்டினாராம், அதோட ஆயாவுக்கு அன்னிக்குத்தான் முன்பல்லு போச்சாம், கல்யாணம் ஆகி அத்தன வருஷத்துல அந்த வீட்ல யாருக்கும் தெரியாத விஷயம்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் கடை லீவு, ஆனா ஷட்டர் பாதி தூக்கி இருக்கும், உள்ள நாங்க தான் இருப்போம். உங்க வீட்ல பழைய அட்டை ரயில் டிக்கெட், கட்டை வெரல் சைஸுல கெட்டியா இருக்குமே, அது இருந்தா எடைக்குப் போட்றாதீங்க, எனக்கு காட்பாடி போட்டது ஒண்ணு வேணும், ரொம்ப நாளா தேடறேன். குடுக்க மனசில்லன்னா ஜெராக்ஸாவது குடுங்க, காசு வேணாம். கத்திரி மட்டும் நீங்களே கொண்டாந்துடுங்க, இங்க இருக்கறத பசங்க தோல் வெட்டி மழுக்கிட்டாங்க.